சேகரின் மெழுகு முகம்

1

என் கணவர் சேகர் மூன்று வெவ்வேறு நாட்களில் இறந்துபோனார். இங்கே ஜெர்மனியில் எனக்குக் கொடுத்த சான்றிதழின்படி அது ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு அது திங்கட்கிழமைதான். டிராம் நிறுத்தத்தில் அவர் விழுந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது; ஆஸ்பத்திரிக் கருவிகள் மறுநாள் மத்தியானம்வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆந்திர எல்லைக்குள் நகரியில் இருக்கும் அவருடைய அக்கா மோகனாவுக்கோ கிழமையும் இல்லை, தேதியும் இல்லை. மார்கழித் தேய்பிறையில் ஒரு திதி. அது வருடா வருடம் இடம் மாறும். எந்த நாளில் அழுவது என்று ஏழு வருடங்களாக எனக்குக் குழப்பம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். போனபோது அவருக்கு நாற்பத்திநாலு. எனக்கு இப்போது நாற்பத்தியேழு. அதாவது, நான் என் கணவரைவிட மூத்தவளாகிவிட்டேன். இதை எந்த முறையில் சேர்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பேசும்போது யாரோ தம்பி முறையானவரிடம் பேசுகிற மாதிரி ஒரு கூச்சம் வரும். மாதம் ஒருமுறை தலைக்குச் சாயம் பூசிக்கொள்வேன்.

நாங்கள் இருப்பது கெம்னிட்ஸ் என்ற ஊர். ஒரு காலத்தில் தறிகளும் நூற்பு இயந்திரங்களும் செய்த ஊராம். சேகர் நகரியில் விசைத்தறிகளுக்கு நடுவே பிறந்து, டெக்ஸ்டைல் டிப்ளமா படித்து, பின்னல் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்கு இங்கே வந்தவர். வந்த புதிதில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. “இந்த ஊர்ல சத்தமே இல்ல தனம், காது அடைச்ச மாதிரி கீது” என்பார். நான் வடமாலபேட்டைக்காரி, எனக்குத் தறிச்சத்தம் பழக்கமில்லை. அதனால் நான் நன்றாகத் தூங்கினேன். இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கை எத்தனை விதமாக வேகவைக்கலாம் என்று என்னைக் கேளுங்கள்.

எங்கள் மகள் பவித்ராவுக்குப் பத்தொன்பது வயது. இந்தக் குறிப்பு அவள் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது.

2

போன வருடம் கோடை முடிந்தபோது பவித்ரா ஒரு பெட்டி நிறைய சாமான்களைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தாள். தேன்மெழுகு, மஞ்சள் மணிகளாக. பொடிப் பொடியாகச் சாயங்கள். தகர டப்பாக்கள். மரப்பலகைகள். ஒரு பையில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ இருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். குங்கிலியம். நம்மூரில் வெள்ளிக்கிழமை நெருப்புத் துண்டின்மேல் போட்டு வீடெல்லாம் புகை காட்டுவோமே, அதேதான்.

“இது எதுக்குடி?” என்றேன்.

“மெழுக்கு கெட்டியாவறதுக்கும்மா” என்றாள்.

அவளுடைய தமிழைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் தமிழ் பேசியதெல்லாம் அப்பாவோடுதான். அப்போதெல்லாம் நான் பேசினால் ஜெர்மன் மொழியில் பதில் வரும். அவர் போன பிறகு அவளுடைய தமிழ் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிட்டது. அதுவும் அசல் நகரித் தமிழ். குடியுரிமை வேலையாக ஒருமுறை தூதரகம் போனபோது அங்கிருந்த சென்னைக்கார அம்மாள் அன்பாக ஏதோ விசாரிக்க, இவள் “துன்னுட்டுதான் வந்தோம்” என்றாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பிறகு யோசித்தால், ஒளிய வேண்டிய அவசியம் என்ன என்றும் தோன்றியது. அதிலும் குழப்பம்தான்.

பவித்ரா கலைக் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கிறாள். இங்கே மதிப்பெண் பார்த்து எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தான் செய்த படங்களைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும், பிப்ரவரியில் அசல் படங்களையே நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவள் காட்டப்போவது மெழுகு ஓவியம்.

அது நடக்கும் விதத்தை, பார்த்துப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். மெழுகை உருக்கி அதில் கொஞ்சம் குங்கிலியத்தைச் சேர்க்க வேண்டும். வெறும் மெழுகு நகம் பட்டாலே பள்ளமாகும். குங்கிலியம் சேர்ந்தால் இறுகி நிற்கும், பளபளப்பும் வரும். பிறகு அதைத் தகர டப்பாக்களில் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு சாயத்தைக் கலக்க வேண்டும். டப்பாக்கள் மின்சாரத் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். நான் தோசை வார்க்க வாங்கிய தட்டு அது, இப்போது தோசைக்கு இல்லை. சூடு அளவோடு இருக்க வேண்டும். புகை வந்தால் அதிகம் என்று அர்த்தம், மூச்சுக்கும் கெடுதல். அதனால் எத்தனை குளிரானாலும் ஜன்னலைத் திறந்துவைத்து, மகள் கம்பளிக் குல்லாவோடு படம் போடுவாள், நான் ஸ்வெட்டரோடு சாம்பார் வைப்பேன்.

தூரிகை பன்றிமயிரால் செய்ததாக இருக்க வேண்டும், நைலான் உருகிவிடும். டப்பாவில் தொட்டுப் பலகையில் வைத்த கணமே மெழுகு உறைந்துவிடும். நீளமாக ஒரு கோடு இழுக்க முடியாது. ஒரு தொடல், இன்னொரு தொடல் என்றுதான் முகம் வளரும். ஒரு பூச்சு முடிந்ததும் சூடான காற்றை ஊதும் துப்பாக்கி மாதிரிக் கருவியை அதன்மேல் காட்டுவாள். மேற்பரப்பு ஈரம்போல மினுங்கியதும் நிறுத்திவிடுவாள். அதுதான் முக்கியமான வேலையாம். சூடு காட்டினால்தான் மேல்பூச்சு அடிப்பூச்சோடு ஒன்றாகும். காட்டாமல் விட்டால் ஒரு நாள் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்துவிடும். தப்பாகிவிட்டால் சுரண்டி எடுக்கலாம், திரும்ப உருக்கலாம். அப்படியென்றால் இது எப்போதுதான் முடியும் என்று கேட்டேன். முடியாது, நிறுத்திக்கொள்ளத்தான் முடியும் என்றாள்.

அவள் போட்டது சேகரின் முகத்தை. அதில்தான் எங்கள் சண்டை.

அவருக்கு நல்ல போட்டோ ஒன்றே ஒன்றுதான் உண்டு, திருப்பதியில் ஸ்டூடியோவில் எடுத்தது. ஆனால் அது திருமலையில் முடி கொடுத்துவிட்டு இறங்கிய அன்று எடுத்தது. மொட்டைத்தலை, சந்தனம், ஏதோ பெரிய காரியம் சாதித்த சிரிப்பு. மற்றதெல்லாம் செல்போனில் எடுத்த, பாதி முகம் தெரிகிற படங்கள். பவித்ரா மொட்டைத்தலைக்கு முடி வைத்தாள். அதோடு நிற்கவில்லை. காதோரம் ஊசியால் மெழுகில் கீறிக் கீறி, கீறலுக்குள் வெள்ளைச் சாயத்தைத் தேய்த்து நிரப்பித் துடைத்தாள். நரைமுடி. கண்ணுக்குக் கீழே பை. வாய் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது.

“அவருக்கு ஒரு நரைகூட இல்லடி. இது யாரு? இது உங்கப்பா இல்ல” என்றேன்.

“நைனாதான்” என்றாள். காற்றூதியைப் போட்டுவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்தது. அவள் அப்பாவின் முகத்தை மறந்துவிட்டாளா, அல்லது மறந்துபோனது நானா? அவள் இல்லாதபோது செல்போன் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைந்து ஒன்றும் தெரியவில்லை.

3

அந்த வருடத் திதிக்கு நாங்கள் இருவருமே நகரிக்குப் போவதாக முடிவானது. பவித்ராவே வருகிறேன் என்றாள், எனக்கு நம்ப முடியவில்லை. கூடவே, படத்தையும் எடுத்து வருவேன் என்றாள்.

“ஆனா திருப்பி எடுத்துக்கினு வரணும்மா. பிப்ரவரில அது வோணும். அத்தைகிட்ட நீ முன்னாடியே சொல்லிடு.”

சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே மோகனா அண்ணிக்குப் போன் செய்தேன். படம் வருகிறது என்ற பாதியைச் சொன்னதுமே மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணி அழுகிறார் என்று புரிந்தது. மீதிப் பாதியை நான் எப்படிச் சொல்வேன்?

அண்ணிக்கு சேகர் தம்பி மட்டுமல்ல. தாய் சீக்கிரம் போய்விட்டதால் மூன்றே வயது பெரியவரான அண்ணிதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது. கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க அண்ணிக்குக் கொடுத்துவைக்கவில்லை. இங்கேயே எரித்துவிட்டோம். உடலை அனுப்புவதற்கான காகிதங்களைச் சேர்க்க எனக்குத் தெம்பும் இல்லை, அந்த அளவுக்கு மொழியும் இல்லை. மூடி முத்திரை வைத்த ஒரு கலயத்தோடுதான் போய் இறங்கினேன். அண்ணி அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “இவ்ளோண்டுதானா?” என்றார். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் கேட்கிறது.

விமான நிலையத்தில் படத்தைக் கைப்பையாகக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே பெட்டிக்குள் போனதும் நிறுத்திவிட்டார்கள். அடர்த்தியான மெழுகுக் கட்டி, திரையில் வெடிமருந்து போலத் தெரியுமாம். அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு, சுற்றியிருந்த சேகரின் பழைய லுங்கியைப் பிரித்தார். ஒரு துண்டுப் பட்டையால் சேகரின் நெற்றியையும் கன்னத்தையும் தடவி இயந்திரத்துக்குள் விட்டுச் சோதித்தார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டார். என் கணவர் என்றேன். அவரும் உங்களோடு பயணம் செய்கிறாரா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

பவித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். இருபது வருட ஜெர்மன் என்னைக் கைவிட்டதா, இல்லை வாய் சரியாகத்தான் சொன்னதா, எனக்குத் தெரியாது. அதிகாரி லுங்கியைத் திரும்பச் சுற்றிக் கொடுத்து, நல்ல பயணம் என்றார்.

4

அண்ணி வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். ஆறு விசைத்தறிகள் ஓடும்போது அந்தச் சுவர் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும், அதில் சாய்ந்தால் முதுகு கூசும். எதிர்ச்சுவரில் மாமனாருடைய படம் மாலையோடு தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி. கீழே தரையில் சுண்ணாம்புப் பொடி இன்னும் உதிர்ந்து கிடந்தது.

“நல்ல கனமான ஆணியா அடிச்சிக்கீறேம்மா. பலகைன்னு சொன்னியே” என்றார் அண்ணி.

பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் ஆணியைப் பார்த்தேன். சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. “அம்மா, இன்னாம்மா இது” என்று முணுமுணுத்தாள்.

லுங்கியைப் பிரித்தபோது இன்னொரு அதிர்ச்சி. முகமே தெரியவில்லை. வெள்ளைப் புகை படிந்தாற்போல் மூடியிருந்தது. படம் கெட்டுவிட்டது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். புது மெழுகு குளிர் பட்டால் இப்படி வெளுக்கும், துடைத்தால் போய்விடும் என்றாள் பவித்ரா. அதே லுங்கியின் முனையால் மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள். “குட்றி நான் துடைக்கிறேன்” என்று அண்ணி வாங்கிக்கொண்டார். முதலில் ஒரு புருவம் வந்தது. பிறகு மூக்கு. பிறகு இறங்கிய வாய். அண்ணியின் கை நின்றுவிட்டது.

“இது எங்க நைனா மாதிரி கீதே” என்றார்.

நான் நிமிர்ந்து மாமனார் படத்தைப் பார்த்தேன். அதே பை விழுந்த கண்கள். அதே வாய். பவித்ரா அவளுடைய தாத்தாவைப் பார்த்ததில்லை, அவள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். என் கணவரைப் போடு என்றால் மாமனாரைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். அண்ணி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு, “வூட்டுக்கு வந்துட்டான். இனிமே எங்கியும் போவாத ராசா” என்றார்.



5

திதியன்று தறிகளை நிறுத்திவிட்டார்கள். படத்தை ஒரு மணைமேல் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வாழையிலையில் கேழ்வரகுக் களி, புளிச்சகீரை, வடை, பாயசம். டம்ளரில் டீ, அவருக்கு டீ இல்லாமல் எதுவும் இறங்காது. அண்ணி குளித்து ஈரத்தலையோடு வந்து சந்தனத்தைக் குழைத்து, எந்த யோசனையும் இல்லாமல், நம் வீடுகளில் எல்லாப் படத்துக்கும் வைப்பதுபோல நெற்றியில் வைத்து, அதற்குக் கீழே குங்குமத்தையும் அப்பினார்.

நம் படங்களுக்கெல்லாம் முன்னால் கண்ணாடி இருக்கும். பொட்டு கண்ணாடிக்குத்தான், முகத்துக்கு இல்லை. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. இந்தப் படத்துக்குக் கண்ணாடி இல்லை என்பது அந்த நேரத்தில் அண்ணிக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் கும்பிட்ட கையோடு நின்றுவிட்டேன். பவித்ரா ஓர் அடி முன்னால் வைத்தாள், அத்தையின் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டாள்.

குத்துவிளக்கு படத்துக்கு வெகு அருகில், தாடைக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. அண்ணி கற்பூரத் தட்டை ஏந்தி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் நிதானமாகச் சுற்றினார். சுற்றச் சுற்ற முகம் மினுங்கத் தொடங்கியது. நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் ஈரமாயின.

“ஐயோ, வேர்க்குது பாரு. தம்பி மூஞ்சி வேர்க்குது” என்றார் அண்ணி.

கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் யாரோ “கோவிந்தா” என்றார்கள். ஒரு கணம் நானும் நம்பினேன், பொய் சொல்வானேன். எத்தனை பூச்சுக்கு எத்தனை சூடு என்று நாலு மாதம் சமையலறையில் நின்று பார்த்தவள் நான். என் கையும் தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

அதற்குள் தாடை வழிந்தது. விளக்குக்கு மேலே இருந்த இடம் இளகி, ஒரு சொட்டு நழுவிக் கழுத்தில் போய் நின்றது. பவித்ரா பாய்ந்து விளக்கை நகர்த்தினாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் உதிரவில்லை. உருகிய மெழுகு அதைக் குடித்துவிட்டது. நெற்றி நடுவில் ஒரு சிவப்பு வட்டமும், மூக்கை நோக்கி இறங்கிய ஒரு சின்னக் கோடும்.

அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். “நானே சுட்டுட்டேனே. கடைசியா ஒரு வாட்டிகூட மூஞ்சியப் பாக்கல, வந்தவன நானே சுட்டுட்டேனே” என்றார். அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. பிப்ரவரி போயிற்று, படம் போயிற்று, மகளின் கல்லூரி போயிற்று என்று ஒரு பக்கம் மனம் ஓடியது. இன்னொரு பக்கம், எல்லாம் போனால் போகட்டும், அண்ணி அழுகையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

பவித்ரா மட்டும் அழவில்லை. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். “அத்தை, சுடல. இது இப்டிதான் செய்யறது. எனக்கு ஹீட்டு வோணும். காத்து ஊதற மிசின் எங்க கீது?” என்றாள்.

6

காற்று ஊதும் இயந்திரம் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருந்தது. சில்லுகளைக் கழற்ற ‘ப்ளோயர்’ என்று வைத்திருப்பார்களே, அது. நகரி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடை. படையல் சாப்பாடு முடிந்து நாங்கள் மூவரும் போனோம். அண்ணி படத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்தார், யாரிடமும் தரவில்லை.

கடைக்காரர் நடுத்தர வயதுத் தெலுங்குக்காரர். “தீனிக்கா மேடம்? போன் லேதா?” என்று சந்தேகமாகக் கேட்டார். போன் இல்லை, இதற்குத்தான் என்றதும், மேசையில் பிரித்துக் கிடந்த போன்களை ஓரமாக ஒதுக்கி இடம் கொடுத்தார். பவித்ரா பலகையைப் படுக்க வைத்தாள். சூட்டைக் குறைத்துத் தன் உள்ளங்கையில் காட்டிப் பார்த்துக்கொண்டாள். கடையிலிருந்த சின்னக் கத்தியால், வழிந்த சொட்டை வழித்தாள். காற்றைக் காட்டித் தாடையை இளக்கி, பழைய இடத்துக்கு நகர்த்தினாள். பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது.

“மீ அன்னகாரா?” என்று கடைக்காரர் அண்ணியிடம் கேட்டார். உங்கள் அண்ணனா என்கிறார்.

“தம்பிங்க” என்றார் அண்ணி.

“தம்முடா? வயசு எந்த?”

“நாற்பத்திநாலு” என்றேன் நான்.

“ஐம்பத்தொண்ணு” என்றாள் பவித்ரா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பவித்ரா ப்ளோயரை நிறுத்தினாள்.

“இப்ப ஐம்பத்தொண்ணும்மா” என்றாள். தலை நிமிரவில்லை. “நைனா நின்னு பூட்டாரு. நான் பெருசாய்க்கினே போறேன். நீயும் போறே. இப்டியே போனா ஒருநாள் நானும் நைனாவத் தாண்டிடுவேன். அப்றம் நான் யாரு, அவரு யாரு? எனக்கு அது வோணாம். அதான் வருசத்துக்கு ஒரு பூச்சு, ஒரு கோட்டு போடலாம்னு. மெழுக்குல போட்டுக்கினே போலாம், காயாது, முடியாது. இது ஏழு கோட்டு.”

சுரண்டாமல் விட்ட அந்தச் சிவப்புப் பொட்டின்மேல் காற்றைக் காட்டினாள். அது மினுங்கி, அடியில் இருந்த நெற்றியோடு ஒன்றாக இறங்கியது. “அத்தை போட்டது எட்டாவது கோட்டு” என்றாள்.

அந்தப் பன்னிரண்டு வயதுத் தமிழில் இவ்வளவு சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. அவள் விலகிப் போய்விட்டாள், அப்பாவை மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மாதங்களில் எல்லாம் அவள் அப்பாவை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைகள் பெற்றோரை வளர்ப்பது என்றால் இதுதானா என்றும் புரியவில்லை. அந்தக் கடையில் எத்தனையோ பேருக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன். கடைக்காரர் பாவம், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அண்ணி அழவில்லை. குனிந்து பார்த்தார். “ஐம்பதுல எங்க நைனா இதே மாதிரிதான் ஆனாரு” என்றார். “அப்போ இவன் சரியாத்தான் கீறான்.”

பிறகு பவித்ராவைக் கேட்டார். “வருசா வருசம் போடணும்னா, அந்த மெழுக்கு, தட்டு எல்லாம் அங்கதானே கீது?”

நான் பேசத் தொடங்கினேன். எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய மீதிப் பாதி. “அண்ணி, இத நாங்க திருப்பி…”

“எனக்குத் தெரியும்மா. வந்த அன்னிக்கே உன் மூஞ்சிலயே எழுதியிருந்துச்சி. நீயா சொல்றியான்னு பாத்துக்கினிருந்தேன்.” படத்தை எடுத்து லுங்கியில் சுற்றினார், குழந்தையைச் சுற்றுகிற பக்குவத்தில். “எடுத்துக்கினு போ. ஆனா மார்கழிக்கு மார்கழி எடுத்துக்கினு வரணும். என் தம்பி கெழவனாவறத நான் பாக்கணும்.”

அதைப் பவித்ராவின் கையில்தான் கொடுத்தார், என் கையில் இல்லை.

7

படம் பிப்ரவரியில் கலைக் கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. நெற்றியில் இருக்கும் சிவப்பு என்ன என்று கேட்டார்களாம். அது என் அத்தை போட்டது என்றாளாம். முடிவு இன்னும் வரவில்லை. காகிதம் தபாலில் வரும், இந்த நாட்டில் எல்லாம் தபாலில்தான் வரும்.

நகரிச் சுவரில் அந்த ஆணி அப்படியே இருக்கிறது. மார்கழிக்குத்தான் அதற்கு வேலை. மற்ற நாட்களில் அண்ணி அதில் காலண்டரை மாட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் வீடியோவில் பேசுகிறோம். பேச்சு எல்லாம் அவரைப் பற்றித்தான். போன வாரம் பெரிய விவாதம். “நைனா ஐம்பத்திரண்டுல கண்ணாடி போட்டுக்கினாரு, இவனுக்கும் போடு” என்கிறார் அண்ணி. தறிச்சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கண்ணாடியை மெழுகில் கொண்டுவருவது கஷ்டம் என்கிறாள் பவித்ரா. நான் சொன்னேன், அவர் போடவே மாட்டார், பிடிவாதம், டீத்தூள் பாக்கெட்டில் விலையைப் படிக்கக் கையை எட்ட நீட்டிக்கொண்டு கஷ்டப்படுவாரே தவிர, கண்ணாடி என்றால் நமக்கு வயசாயிடிச்சா என்று கோபம்தான் வரும். சொல்லச் சொல்ல எனக்கே நிஜமாகக் கோபம் வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அவர்மேல் வருகிற முதல் கோபம் அது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டேன். காதோரம் வெள்ளை இறங்கிவிட்டது. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் அலமாரிமேல் சாய்ந்திருக்கிற அவரை நிமிர்ந்து பார்க்கிறேன். கூச்சம் இல்லை. அவர் மறுபடியும் என்னைவிட நாலு வயது மூத்தவர்.